சூட்டுப்படத்தின் ஓரத்தில் ஒரு கை

கரடிச்சோலையில் கரடியும் கிடையாது, சோலையும் கிடையாது. இருப்பது குளிர் ஒன்றுதான், அதுவும் ஐப்பசி பிறந்துவிட்டால் அழையாத விருந்தாளியாக ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்து அடுப்படி வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட ஊரில், மழை விடாமல் பெய்த ஓர் ஐப்பசியில், ஜெசிந்தா வீட்டு ஜன்னல் கட்டை, பக்கத்தில் அடுப்பும் இல்லாமல், வெளியே வெயிலும் இல்லாமல், தானாகச் சூடாக இருந்தது. தொட்டுப் பார்த்த பக்கத்து வீட்டு ஒச்சம்மாள், "இதென்னடி, பால்சட்டி எறக்கி வச்ச எடம் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த ஈரத்துண்டை அதன்மேல் விரித்துப் போட்ட பிறகுதான் அடுத்த பேச்சைப் பேசினாள். ஏன் சூடு, எதற்குச் சூடு என்று துருவுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. நாங்கள் ஏன் என்று கேட்பது பஸ் வராதபோது மட்டும்தான், அதற்கும் இதுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை.

ஜெசிந்தாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் புருஷன் சூசை முட்டைக்கோஸ் லாரிக்கு லோடு ஏற்றியவர். ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. அவர் விட்டுப்போன சொத்து, மேட்டில் ஓட்டு வீடு ஒன்று, தன் கையால் மரம் அறுத்து இழைத்த கட்டில் ஒன்று, ஆல்வின் என்று ஒரு மகன். கீழே ஏரி இருக்கிற பெரிய ஊருக்குக் கார் காராக வந்து குவிகிற கூட்டத்தில் நாலு பேர் இங்கேயும் வந்து தங்கட்டுமே என்று ஜெசிந்தா முன்னறையைச் சுண்ணாம்படித்து வாடகை அறையாக்கியபோது, கோயம்புத்தூரில் வெப்சைட் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆல்வினுக்கு அது பொறுக்கவில்லை. "அப்பா கட்டில்ல கண்டவனும் வந்து படுப்பானாம்மா?" என்று போனில் கேட்டான். இவளுக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். "கட்டில் படுக்கத்தான்யா போட்டது. நீ வந்து படு, நான் எவனுக்கும் குடுக்கல" என்று சொல்லிவிட்டாள். அவன் வரவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, அதற்கு அடுத்த கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. போன் மட்டும் வரும். சாப்பிட்டாயா என்பான், சாப்பிட்டேன் நீ என்பாள், ம் என்பான், அத்தோடு முடிந்தது.

கோபம் கோபமாகவே இருக்க, அந்த வாடகை அறைக்கு வெப்சைட் செய்து கொடுத்தவனும் அவன்தான். மலைக்கு வராமல், போனிலேயே கேட்டுக் கேட்டுச் செய்தான். படங்களை ஒச்சம்மாள் தன் போனில் எடுத்தாள். அறைக்குள் வெளிச்சம் போதாது என்று திரைச்சீலையை யாராவது தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. "ரூமைப் பாக்குறவங்களுக்கு நான் என்னாத்துக்கு" என்று ஜெசிந்தா ஒதுங்கி நின்றுதான் பிடித்தாள், ஆனாலும் மணிக்கட்டு வரைக்கும் அவள் கை படத்தின் இடது ஓரத்தில் வந்துவிட்டது. உருளைக்கிழங்குக் காட்டில் ஈர மண்ணைத் தோண்டித் தோண்டி விரல் கணுவெல்லாம் வீங்கிப்போன கை அது. குளிர் காலத்தில் விடிந்ததும் அடுப்புக்கு மேல் கொஞ்ச நேரம் காட்டினால்தான் அந்த விரல்கள் மடங்கும், அதற்கு முன்னால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. படங்களுக்குக் கீழே என்ன எழுத வேண்டும் என்பதையும் ஜெசிந்தாவே சொல்லச் சொல்ல ஆல்வின் எழுதினான். வரும் வழி என்ற இடத்தில், "பாய் கடை பெஞ்சுக்கு எதிரே இறங்கி மேட்டில் ஏறவும்" என்று சொன்னாள். எங்களுக்கு அதைவிடத் தெளிவான விலாசம் வேறு கிடையாது.

வெப்சைட் வந்த புதிதில் அறைக்கு ஈ காக்கை வரவில்லை. வெப்சைட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு ஏன் திரும்பிப் போகிறார்கள் என்று கண்டுபிடிக்க ஆல்வின் அதில் ஒரு கருவியைச் சேர்த்தான். பார்க்கிறவர்கள் எங்கே நிற்கிறார்கள், எதைத் தொடுகிறார்கள், எதைத் தாண்டி ஓடுகிறார்கள் என்று அது கவனித்துக்கொண்டே இருக்குமாம். நிறையப் பேர் நின்ற இடம் சிவப்பு, கொஞ்சம் பேர் நின்ற இடம் மஞ்சள், ஒருவரும் சீண்டாத இடம் நீலம் என்று அந்தப் பக்கத்தின் மேலேயே வர்ணம் பூசிக் காட்டுமாம். ஹீட்மேப் என்பது அதன் பெயர்; ஒச்சம்மாள் வாயில் அது சூட்டுப்படமாகி, பிறகு ஊருக்கே அதுதான் பெயராகிவிட்டது. ஆல்வின் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது, போட்டோவுக்குப் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்றுதான் ஜெசிந்தா நினைத்தாள்.

"பூஞ்சணம் இல்லம்மா. ஆளுங்க எங்க பாக்குறாங்களோ அங்க செவப்பா வரும்."

"எங்கய்யா பாக்குறாங்க?"

"ஜன்னலைத்தான். அப்புறம் தலகாணி. கட்டிலுக்குப் பக்கத்துல செவுத்துல சுவிட்ச் இருக்குல்ல, அதைப் போய் அமுக்கிக்கிட்டே இருக்காங்க."

"போட்டோல இருக்குற சுவிட்சை அமுக்குனா லைட்டு எரியுமா?"

"எரியாதுன்னு தெரிஞ்சும் அமுக்குறாங்கம்மா."

அவள் சிரித்தாள். அந்தப் பக்கத்திலும் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அது சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் ஒச்சம்மாளிடம் சொன்னாள். சண்டைக்குப் பிறகு, சாப்பாட்டையும் வேலையையும் தாண்டி அவர்கள் சிரித்துப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஜன்னல் கட்டை சூடாக இருந்தது அதற்கு அடுத்த நாள். ஒச்சம்மாள் துண்டைக் காயப்போட்ட கையோடு ஜெசிந்தாவின் போனை வாங்கி, சூட்டுப்படத்தைப் பார்ப்பதும் அறையைத் தொடுவதுமாக ஒரு சுற்று வந்தாள். ஜன்னல் சிவப்பு, ஜன்னல் சுட்டது. தலையணை மஞ்சள், தலையணை வெதுவெதுப்பாக இருந்தது. சுவிட்சில் விரலை வைத்துவிட்டு உதறிக்கொண்டாள். சுவரும் தரையும் நீலம். அங்கெல்லாம் வழக்கமான ஊர்க்குளிர்தான். கடைசியாகப் படத்தின் ஓரத்தில் இருந்த கையைப் பார்த்துவிட்டு, எதிரே நின்றவளின் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஓங்கையத்தான் ஒருத்தனும் பாக்கலடி. கிணத்துக்கல்லு மாதிரி கெடக்கு. இதை எதுக்குப் படத்துல வச்சுக்கிட்டு, வெட்டிரச் சொல்லு அவனை."

ஜெசிந்தா அப்படியே போனில் சொன்னாள். ஆல்வின் ஒத்துக்கொள்ளவில்லை. "அது இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

குளிர் ஊர்க்காரர்களுக்குத் தவிர மற்றவர்களுக்கு இது புரியாது என்பதால் சொல்கிறேன். எங்கள் ஊரில் மாவு புளிக்காது. ஆட்டிய மாவைக் கம்பளியில் சுற்றி, அடுப்பு மூலையில் வைத்து, தாலாட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டாலும் மறுநாள் அது ஆட்டியபடியே முறைத்துக்கொண்டு இருக்கும். ஒச்சம்மாளோ இட்லி சுட்டு விற்றுப் பிழைக்கிறவள். அன்றைக்கு அவள் மாவுச் சட்டியைச் சூசையின் கட்டிலில், தலையணையின் மஞ்சள் வட்டத்தில் வைத்துவிட்டுப் போனாள்; விடிந்து வந்து பார்த்தால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தது. அந்த இட்லியைத் தின்ற ஊர், கேள்வி கேட்காமல் மேட்டில் ஏறத் தொடங்கியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சீருடை ஜன்னலில் தொங்கியது, சளி பிடித்த குழந்தைகள் தலையணைப் பக்கம் படுக்கவைக்கப்பட்டன, சர்ச் சாமியாரின் அங்கியைக்கூட உபதேசியார் மடித்து எடுத்து வந்து காயவைத்துக்கொண்டு போனார், சுவிட்சுக்குக் கீழே ஊர்ப் பூனைகள் வரிசையாக நின்று முதுகைத் தேய்த்தன. சூசை செத்த துக்கத்துக்கு வந்து போனதற்குப் பிறகு அந்த வாசலில் கால் வைக்காதவர்கள்கூட, கையில் ஈரமாக ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "சும்மா இருக்கியா ஜெசிந்தா" என்று கேட்டபடி உள்ளே வந்தார்கள்.

பார்த்தால்தானே சூடு, அப்படியானால் நாமே பார்த்தால் என்ன என்ற யோசனை யாருடையது என்பதில் இன்றும் சண்டை இருக்கிறது. யாருடையதோ, நல்ல யோசனை என்றுதான் அன்றைக்கு நினைத்தோம். வீட்டுக்கு வீடு போன் இருந்தது, மழைக் காலத்தில் காட்டு வேலையும் இல்லை. ஊரே உட்கார்ந்து ஜெசிந்தாவின் வெப்சைட்டைப் பார்த்தது. சும்மா பார்ப்பதைவிட விரலால் தொட்டால் சூடு அதிகம் என்று கண்டுபிடித்தோம், மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தால் சூடு பரவிப்போகிறது, ஓர் இடத்தில் நின்றால்தான் கனல்கிறது என்றும் கண்டுபிடித்தோம். மாவு ஆட்டுகிற நாளில் தலையணையைப் பார்க்க வேண்டும், துணி துவைக்கிற நாளில் ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்று ஒச்சம்மாள் முறை வைத்தாள். கண் தெரியாத கிழவர்கள் போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தரையைச் சூடாக்கினார்கள்; அதுவும் வீணாகவில்லை, அங்கே பூண்டைப் பரப்பிக் காயவைத்தோம்.

ஜெசிந்தாவுக்குச் சந்தோஷம்தான். வீடு முழுக்க ஆள், பேச்சு, ஆவி பறக்கும் துணி. என்றாலும் அறை கேட்டு ஓர் ஆள்கூட வரவில்லை, வந்தாலும் படுக்கக் கட்டிலில் இடமில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் ஆல்வினைக் கூப்பிட்டு, "இன்னைக்கு எங்கய்யா பாக்குறாங்க?" என்று கேட்பாள். தெரிந்துதான் கேட்பாள். அந்தக் கேள்வி இருக்கிறவரைக்கும் அவன் போனை வைக்க மாட்டான். அவள் உண்மையிலேயே கேட்க நினைத்தது வேறு, நீ எப்பவாவது பாக்குறியாய்யா என்பது, அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பார்த்திருந்தால் இந்த வீட்டில் எங்கேயாவது அவன் சூடு தெரிந்திருக்காதா என்று ஒச்சம்மாளிடம் ஒரு தடவை சொல்லிவிட்டு, உடனே வேறு பேச்சுக்குப் போனாள்.

ஆல்வினுக்குப் பொறி தட்டியது கார்த்திகையில். "அம்மா, பக்கமே எரியுற மாதிரி செவப்பா இருக்கு. ஆனா எல்லாம் கரடிச்சோலையிலருந்தே வருது. ஊர்க்காரங்க பாக்குறாங்களா?"

ஜெசிந்தாவுக்குப் பொய் வராது. "மாவு புளிக்க மாட்டேங்குதுய்யா" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. மறுநாள் விடிந்தபோது ஜன்னல் கட்டை பனிக்கட்டி மாதிரி இருந்தது. தலையணை சில்லிட்டுக் கிடந்தது. ஒச்சம்மாளின் மாவு ஆட்டியபடியே முறைத்தது, இட்லி கல்லாக வந்தது, பூனைகள் சுவிட்சை அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கிப் போயின. ஊர் பாய் கடையில் கூடியது.

பாய் என்றால் பீர்முகமது பாய். பஸ் நிற்கிற இடத்தில் அவர் டீக்கடை, கடை வாசலில் ஒரு பெஞ்சு. மலை ஏறி வருகிற பஸ்ஸில் முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் போனில் சிக்னல் செத்துப்போகும், அப்புறம் அந்தப் பெஞ்சு முன்னால் வந்துதான் உயிர் வரும். நடுவில் கரடிச்சோலைக்காரன் இருக்கிறானா இல்லையா என்பது கடவுளுக்கும் கண்டக்டருக்கும் மட்டுமே தெரியும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் ஜெசிந்தா ஊருக்கு முன்னால் மகனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னய்யா செஞ்ச?"

"ஊர்க்காரங்க பார்வையைக் கணக்குலருந்து எடுத்துட்டேன்மா. சொந்தக்காரங்களே வந்து வந்து பாத்தா வெளியாளு எங்க பாக்குறான்னு எப்படித் தெரியும்? கல்யாண வீட்டுல நம்ம வீட்டு ஆளுங்களே பந்தியை அடைச்சு ஒக்காந்துட்டா வந்தவங்க எங்க ஒக்காருவாங்க?"

"ஏன்டா, எங்க கண்ணு கண்ணு இல்லையா?" என்றாள் ஒச்சம்மாள். "பெத்த தாய்க்கு மேல ஓங்குண்டி கழுவி விட்டிருக்கேன், ஏம்பார்வை கணக்குல வராதா?"

கடை சிரித்தது. ஆல்வின் அத்தை அத்தை என்று இழுத்தான். அப்போதுதான் ஜெசிந்தா உட்கார்ந்த இடத்தில் நெளிந்தாள். ஊரில் எல்லாச் சூடும் அணைந்துபோன அந்தக் காலையில் பெஞ்சு மட்டும் சுட்டது. எழுந்து கையை வைத்துப் பார்த்தாள், நாங்களும் வைத்துப் பார்த்தோம்.

"இது எப்பவுமே இப்படித்தான்" என்றார் பாய், கொஞ்சம் வெட்கத்தோடு. "ஐப்பசிலருந்து. நல்ல மனுசங்க ஒக்கார்ற எடம்னு நெனச்சு நான் சொல்லல."

"பெஞ்சு ஏதுய்யா வெப்சைட்ல?" என்று ஜெசிந்தா கேட்க, ஆல்வின் தட்டித் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அவன் குரலே மாறிவிட்டது.

"அம்மா. ஊர்ப் பார்வை போனதுக்கப்புறம் ஒரே ஒரு வரிதான் செவப்பா இருக்கு. 'பாய் கடை பெஞ்சுக்கு எதிரே இறங்கி மேட்டில் ஏறவும்.' மொதல்ல நான் போட்டோவை மட்டுந்தான் பாத்தேன், இப்ப வர்றவன் எல்லாம் போட்டோவைத் தாண்டி அங்கதான் நின்னு நின்னு படிச்சுட்டுப் போயிருக்கான். எந்தப் பாய், எந்த ஊருப் பெஞ்சுன்னு அவனுக்கு எப்படிம்மா தெரியும்? நானும் எழுதிட்டேன், எனக்கும் தோணல பாரும்மா."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாய் கடைப் பெஞ்சு தெரியாத மனுசர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்பது எங்களுக்கும் அன்றைக்குத்தான் தோன்றியது. மதுரையிலும் சென்னையிலும் யாரோ, இங்கே வர ஆசைப்பட்டு, அந்த ஒரு வரிக்கு முன்னால் வழி தெரியாமல் நின்று நின்று, இந்தப் பெஞ்சைச் சுடவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாவமாக இருந்தது. ஒச்சம்மாள்கூடப் பெஞ்சைத் தடவிக்கொடுத்தாள்.

அப்போதுதான் ஜெசிந்தா ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டு, தொண்டையிலேயே கிடந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அப்ப ஓம் பார்வை எங்கய்யா?"

"என்னது?"

"நீ பாக்குறது. எங்க செவப்பா இருக்கு?"

பாய் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"என்னோடதை மொத நாளே எடுத்துட்டேன்மா. கருவியை மாட்டுறப்பவே செஞ்சவன் பார்வையை நீக்கிரணும், அதான் முறை. இல்லேன்னா தப்பாக் காட்டும்."

"என்ன தப்பா?"

"வேலை பாக்குற ஸ்க்ரீன்ல ஒரு ஓரமா எப்பவும் அந்தப் பக்கந்தான்மா தெறந்து கெடக்கு. எங்கணக்கைச் சேத்தா நான் பாக்குற எடம் மட்டுந்தான் செவப்பா இருக்கும். மத்தது எல்லாம் நீலமாயிரும்."

எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. வைக்கிறேன்மா என்றுகூடச் சொல்லாமல் போன் நின்றுபோனது. நாங்கள் டீயைக் குடித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனோம், ஆனால் அன்று முழுக்க எல்லார் மனசிலும் அதே கேள்விதான் ஓடியது என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் என் மனசில் அதுதான் ஓடியது.

வழி எழுதிய வரியை ஆல்வின் மாற்றினான். எந்த ஊரில் ரயிலை விட்டு இறங்க வேண்டும், எந்த பஸ் ஏற வேண்டும், கடைசியாக யாரிடம் கேட்க வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி எழுதி, ஒரு வரைபடமும் போட்டான். பெஞ்சு ஆறிப்போனது, பாய் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு முதுகில் பையோடு முதல் ஜோடி வந்து இறங்கி, பெஞ்சை போட்டோ எடுத்துக்கொண்டு, "இதுதானா அது?" என்று கேட்டதும் சமாதானமானார். அடுத்து ஒரு குடும்பம் வந்தது, அதற்கடுத்து தனியாக ஒரு டீச்சரம்மா வந்து, ஜன்னலைத் தவிர வேறெதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். ஊரோடும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: ஞாயிற்றுக்கிழமை இட்லிக்காக, சனிக்கிழமை மட்டும் எங்கள் கண்ணும் கண்ணாகக் கணக்கில் சேரும்.

கை சூடானது மார்கழி தொடக்கத்தில். விடியற்காலையில் விரல்களைக் காட்ட அடுப்பு மூட்டப் போன ஜெசிந்தா, தீப்பெட்டியை எடுத்துக் குச்சியை உரசிய பிறகுதான், உரச முடிந்ததே என்பதைக் கவனித்தாள். இடது கை, மணிக்கட்டு வரைக்கும், சரியாகப் படத்தில் தெரிகிற அளவுக்கு, கதகதவென்று இருந்தது. அதற்கு மேல் முழங்கைப் பக்கம் வழக்கமான குளிர். அவள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, அழுதாள். தீக்குச்சி எரிந்து அணைந்துபோனது.

போனில் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, அவனும் பேசவில்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், ம் என்று பழையபடியே போனது. ஆனால் அவன் தன் பார்வையைத் திரும்பக் கணக்கில் சேர்த்துவிட்டதால் அவளுக்கு இப்போது எல்லாம் தெரிந்தது. விடியும்போது சூடு வந்தால் எழுந்துவிட்டான் என்று அர்த்தம், மத்தியானம் ஆறினால் சாப்பிடப் போயிருக்கிறான், ராத்திரி வெகுநேரம் கனன்றால் இன்னும் வீட்டுக்குப் போகாமல் வேலை பார்க்கிறான், மறுநாள் போனில் அதற்குத் திட்டு விழும். "ஒனக்கு எப்படிம்மா தெரியும்?" என்பான். "தெரியும்" என்பாள். ஒச்சம்மாளிடம் மறைக்க முடியுமா? மாவுக்கு எப்போதுமே கைச்சூடு வேண்டும், கரண்டியால் கலக்கிய மாவு கடைசி வரைக்கும் ஏறாது. கையைத் தொட்டுப் பார்த்த ஒச்சம்மாள், தன் மாவுச் சட்டியை ஜெசிந்தாவின் முன்னால் நகர்த்தி, "உப்புப் போட்டாச்சு, நீ கலக்கு" என்றாள். அதற்குப் பிறகு ஊர் இட்லி எல்லாம் அந்தக் கையில்தான் புளித்தது.

கிறிஸ்துமஸுக்கு அறை கேட்டு மூன்று இடத்திலிருந்து போன் வந்தது. "அன்னைக்கு ஆள் இருக்கு" என்று ஜெசிந்தா எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். யார் என்று ஒச்சம்மாள் கேட்டதற்கு, கட்டிலைத் துடைத்துக்கொண்டே, "இருக்கும்" என்றாள். அவன் வருவதாகச் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் அவளிடம் மேற்கொண்டு கேட்கவில்லை, போன இரண்டு கிறிஸ்துமஸுக்கும் அவள் மகனுக்காகக் கேக்கை வெட்டாமல் வைத்திருந்து, கடைசியில் ஊருக்குப் பங்கிட்டதை நாங்கள்தானே தின்றோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விடிந்ததிலிருந்தே கை விட்டு விட்டுச் சூடானது. வரும், போகும், வரும். மத்தியானத்துக்கு மேல், ஒச்சம்மாளின் மாவைக் கலக்கிக்கொண்டிருக்கும்போது, சட்டென்று அணைந்துபோனது. ஒரு நிமிடம் கழித்து வரும் என்று பார்த்தார்கள். வரவில்லை. விரல்கள் மாவுக்குள்ளேயே விறைக்கத் தொடங்கின.

"என்னடி இது, ஜில்லுனு ஆயிருச்சு" என்றாள் ஒச்சம்மாள், பதறிப்போய். "என்னமோ ஆயிருச்சு போலடி பிள்ளைக்கு. போனைப் போடு."

ஜெசிந்தா போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஒச்சம்மாள் மாரில் கையை வைத்தாள். ஜெசிந்தாவோ போனை வைத்துவிட்டு, மாவுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கீழே மூடுபனிக்குள் வளைந்து வளைந்து போகிற ரோட்டைப் பார்த்தாள்.

"மொத வளைவு ஏறிட்டான்" என்றாள்.

மேட்டிலிருந்து இறங்கி அவள் பாய் கடைக்கு வந்தபோது அவளுக்குப் பின்னால் பாதி ஊர் வந்தது. அன்றைக்கும் பஸ் வழக்கம்போல் தாமதம், ஆனால் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவள் பெஞ்சில் உட்காரவும் இல்லை, கையைச் சேலைக்குள் சுற்றிக்கொள்ளவும் இல்லை. பனியில் அதை வெறுமனே தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். பஸ் வந்து பெஞ்சுக்கு எதிரே நின்றது. சிக்னல் உயிர் பெற்று, இறங்கினவர்களின் போன்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தின, எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவன் மட்டும் சட்டைப் பையில் கத்துகிற போனை எடுக்காமல் இறங்கி வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். அம்மாவின் முன்னால் வந்து நின்று, இத்தனை நாளும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தானோ அதை இரண்டு கையாலும் பிடித்தான்.

"என்னம்மா, கை இப்படிச் சில்லுனு இருக்கு?"

"இம்புட்டு நேரமா நீ பாக்கலேல்ல" என்றாள் ஜெசிந்தா.